பன்னிரண்டாம் அளவுக்காரிகள்

சின்னவளின் வேலை நிற்பது. யாராவது கேட்டு அவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். நிற்பதற்கெல்லாம் சம்பளமா என்பார்கள். ஆறு மணி நேரம் நின்று பாருங்கள், அப்புறம் சிரியுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

ஆடைத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில் சாம்பிள் அறை. அதன் நடுவில் வட்டமான ஒரு மரப்பலகை. அதன் மேல் அவள். புதிதாக வெட்டித் தைத்த கால்சட்டையோ கோட்டோ எதுவானாலும் முதலில் அவள் உடம்பில்தான் ஏறும். மாஸ்டர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவளைச் சுற்றி வருவார். இங்கே பிடிப்பார், அங்கே விடுவார், சாக்பீஸால் கோடு இழுப்பார். கையைத் தூக்கு, குனி, உட்கார்ந்து எழு, மூச்சை விடு. மூலையில் துணி சுற்றிய பொம்மையும் உண்டுதான். ஆனால் பொம்மை உட்காராது. அக்குளில் அறுக்கிறது என்று வாய் திறந்து சொல்லாது. அதனால்தான் உயிருள்ள ஓர் ஆள். அவள் உடம்பில் சரியாக உட்கார்ந்தால், பன்னிரண்டாம் அளவு கேட்டு வாங்கும் எல்லாப் பெண்களுக்கும் அது சரி என்பது தொழிற்சாலையின் நம்பிக்கை. இடுப்பு இருபத்தொன்பது அங்குலம். அரை அங்குலம் ஏறலாம், அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் போனால் வேலை போகும்.

இதில் ஒரு விசேஷம். அவள் ஒருத்தி இல்லை.

ஒன்பது நிமிடம் முன்னால் பிறந்தவள் பெரியவள். அந்த ஒன்பது நிமிடத்தை வைத்துக்கொண்டு அக்கா என்று கூப்பிடச் சொல்லி அம்மா பழக்கியிருந்தாள். நாலு பேர் முன்னால் சின்னவள் அப்படித்தான் கூப்பிடுவாள். இரண்டு பேரும் தங்கியிருந்த அறைக்குள் வந்துவிட்டால் "ஏய்"தான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் தையல் மெஷினில் வேலை கேட்டுத்தான் இரண்டு பேரும் வந்தார்கள். மாஸ்டர் பழக்கதோஷத்தில் டேப்பை எடுத்துப் பெரியவளை அளந்தார். அடுத்து சின்னவளை அளந்தார். அப்புறம் டேப்பை ஒருமுறை உதறிவிட்டு மறுபடி பெரியவளிடம் போனார். கழுத்து, தோள், மார்பு, இடுப்பு, தொடை, கணுக்கால் வரைக்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

"மெஷின்ல போயி எதுக்கும்மா கண்ண கெடுத்துக்கறீங்க. இங்கயே நில்லுங்க. ஒருத்தி கால் வலிச்சா இன்னொருத்தி ஏறிக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து பெரியவளுக்கு அட்டை எண் ஒன்று, சின்னவளுக்கு இரண்டு. கட்டிங் பிரிவு ஆட்கள் அவர்களை ஒண்ணு, ரெண்டு என்றே கூப்பிட்டார்கள். "ஒண்ணு உள்ள போச்சு, ரெண்டு வெளிய வருது, இந்த பாத்ரூம் கதவுக்குத்தான் கணக்கு புரியல" என்பது பத்து வருடமாகப் பழசாகாத நகைச்சுவை.

அலுவலகத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து அளவுத் தாள் ஒன்றுதான். அந்தத் தாள்தான் வீட்டையும் ஆண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் அளந்துகொள்வார்கள். சமைப்பதும் தட்டில் போடுவதும் பெரியவள். ஒரு முட்டை என்றால் கத்தியால் நடுவில் அறுத்து, மஞ்சள் கரு எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்து வைப்பாள். சின்னவள் கடையில் நின்று தனியாக ஒரு மிட்டாய் வாயில் போட்டாலும், "என்ன தின்ன?" என்ற கேள்வி வாசலிலேயே நிற்கும். எப்படித் தெரியும் என்றால், "எனக்கு இனிச்சுது" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். ஆனால் சின்னவள் அதைப் பாதி நம்பினாள். ஒருமுறை சின்னவள் பஸ்ஸில் மயங்கி விழுந்தபோது, எட்டுத் தெரு தள்ளி மீன் வாங்கிக்கொண்டிருந்த பெரியவள் மிச்சக் காசைக்கூட வாங்காமல் ஓடிவந்து நின்றிருக்கிறாள். இப்படி ஓடிவருகிறவளிடம் எதைச் சொல்லித் தள்ளி நிற்கச் சொல்வது?

முப்பத்தாறு வயதில் சின்னவளுக்குக் கால் தரிக்காமல் போயிற்று. பலகையில் நிற்கும்போது பாதம் தானாகத் தாளம் போடும். "ரெண்டு, ஆடாத" என்று மாஸ்டர் அதட்டுவார். ஜன்னல் வழியாகக் கீழே லாரியில் ஏறும் பெட்டிகளைப் பார்ப்பாள். ஒவ்வொரு பெட்டியிலும் ஏதோ ஓர் ஊரின் பெயர். அவள் உடம்பை வைத்து வெட்டிய துணி அத்தனை ஊருக்கும் போகிறது. அவள் மட்டும் அறையிலிருந்து பலகைக்கும் பலகையிலிருந்து அறைக்கும் போய்வந்துகொண்டிருந்தாள். அறையில் ஒரே கட்டில், ஒரே அலமாரி, கண்ணாடி கிடையாது. கண்ணாடி எதற்கு, நான்தான் இருக்கிறேனே என்பாள் பெரியவள். தலை சரியாக வாரியிருக்கிறதா என்று பெரியவளைப் பார்த்துத்தான் சின்னவள் தெரிந்துகொள்வாள்.

பதினைந்து வருடம் மாஸ்டரின் கைகளுக்குள் நின்றதில் அவளுக்கு வெட்டும் வித்தை பிடிபட்டிருந்தது. தோள் ஏன் தூக்குகிறது, கவட்டில் ஏன் சுருக்கம் விழுகிறது என்பது அவருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். மதிய இடைவேளையில் கழிவுக் காகிதத்தில் காலர் வரைந்து வெட்டிப் பார்ப்பாள். நாலு மணி நேர ரயில் தூரத்தில் இன்னொரு யூனிட்டில் துணி வெட்டும் அச்சு வரைகிற பேட்டர்ன் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று லாரி டிரைவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, போனில் பேசி, ஒரு நாள் நேரில் வரச் சொல்லும் வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். பெரியவளிடம் சொல்லவில்லை.

பதினாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பல் டாக்டரிடம் போகிறேன், கூட்டம் இருக்கும், நேரமாகும் என்று சொல்லிவிட்டு முதல் ரயிலைப் பிடித்தாள். அந்த ஊரில் யாரும் அவளை இரண்டு முறை பார்க்கவில்லை. ஒரே பார்வை, அதோடு சரி. இது ஒண்ணா ரெண்டா என்று யோசிக்கும் அந்த அரை நொடி இல்லவே இல்லை. ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து வேலை செய்தாள். திரும்பும்போது ஸ்டேஷனில் ஒரு பன் வாங்கி, பாதியாகப் பிய்க்காமல் முழுசாகத் தின்றாள். தின்று முடித்த கையோடு, அக்காவுக்கு வயிறு நிறைந்திருக்குமோ என்று பயம் வந்தது. அந்தப் பயத்தை நினைத்து அவளுக்கே எரிச்சல் வந்தது.

மறுநாள் தொழிற்சாலையில் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பெரியவள் ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். என்ன சொன்னாய் என்று கேட்டால், பல் என்ன ஆயிற்று என்று திருப்பிக் கேட்பாள். அதனால் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த ஊரிலிருந்து போன் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதி, திங்கட்கிழமை சேர வேண்டும். பழைய இடத்திலிருந்து நல்லபடியாக விலகியதாக ஒரு கடிதம் வேண்டும். சரி என்று சொல்லிவிட்டாள். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாட்களைத் தள்ளிக்கொண்டே போனாள். வாயைத் திறக்கும்போதெல்லாம் பெரியவள் முட்டையைச் சரிபாதியாக அறுத்துக்கொண்டிருப்பாள்.

சேர வேண்டிய நாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது அந்தக் கால்சட்டை வந்தது.

பதினாலாம் தேதி ஓகே ஆன பேட்டர்ன். நாலாயிரம் பீஸ் வெட்டித் தையலில் போய்க்கொண்டிருந்தது. முதல் கட்டு மெஷினிலிருந்து இறங்கியதும் மாஸ்டர் அதில் ஒன்றை எடுத்து, "ரெண்டு, போட்டுட்டு வா" என்றார். சின்னவள் போட்டுக்கொண்டு பலகையில் ஏறினாள். இடுப்புப் பட்டி கச்சிதமாக நின்றது. ஆனால் அடிவயிற்றில் துணி ஒரு பையைப் போலத் தொங்கியது. பூனைக்குட்டி ஒன்றை உள்ளே வைத்துத் தூக்கிப் போகலாம்.

மாஸ்டர் வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"அன்னிக்கு உன் மேலதானே ஓகே பண்ணேன்?"

"ஆமா" என்று அவள் வாய் முந்திக்கொண்டது. வேறு என்ன சொல்ல முடியும்? அன்று இந்த ஊரிலேயே இல்லை என்றா?

அவர் தாளைக் கொண்டுவந்து காட்டினார். தேதி பதினாலு. நின்ற ஆள்: இரண்டு. கீழே அவளுடைய கையெழுத்து, அவள் போடாத கையெழுத்து. சுழியில் ஒரு குறை சொல்ல முடியாது.

"நம்மகிட்ட வாங்கற பையருக்கு ஒரு பீஸ் ஏற்கனவே போயிடுச்சு. போட்டுப் பாத்த பொண்ணுங்க எல்லாம் மாசமா இருக்கற மாதிரி இருக்காங்களாம். அந்தம்மா வியாழக்கிழமை வராங்க. உங்க ரெண்டு பேரையும் அளக்கணுமாம்." அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என் சர்வீஸ்ல எந்த மனுஷிக்கும் இந்த இடத்துல வயிறு வச்சு நான் பாத்ததில்ல, ரெண்டு. எங்கேருந்து வந்துச்சு இது?"

அந்தத் துணிப் பையை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தாள் சின்னவள். பதினைந்து வருடம் சும்மா நிற்கவில்லை அவள். மேலே எதையோ போட்டு இறுக்கியிருக்கிறார்கள். இறுக்கிய சதை போக இடமில்லாமல் கீழே இறங்கியிருக்கிறது. மாஸ்டர் பாவம், கண்ணில் பட்ட உடம்புக்கு ஒழுங்காக வெட்டியிருக்கிறார்.

அன்று மாலை அறைக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"பதினாலாம் தேதி என் அட்டையில நீயா நின்ன?"

பெரியவள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. "பின்ன? இன்னொரு லீவு போட்டா எழுதிக் குடுக்கணும்னு நீதானே பொலம்பின. மாஸ்டர் ரெண்டு எங்கன்னு கேட்டாரு. வெளிய போனேன், உன் லாக்கர்லேருந்து அட்டைய எடுத்து மாட்டினேன், உள்ள வந்தேன். உனக்காகத்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"சட்டைய தூக்கு."

"என்ன?"

"தூக்குடி."

கத்தி நின்றது. பெரியவள் தூக்கவில்லை. சின்னவளே போய்த் தூக்கினாள். மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரைக்கும் அகலமான ஒரு பட்டை, நாலு கொக்கிகள். கழற்றியபோது கொக்கி பதிந்த இடமெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது. சில மாதங்களாகப் பெரியவள் விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்து உடுத்திக்கொள்வதும், ஞாயிற்றுக்கிழமைகளில் "நான் அப்பவே அளந்துக்கிட்டேன், நீ வா" என்பதும் இப்போது பிடிபட்டன.

"எத்தன நாளா?"

"நாலு மாசம்."

"எவ்வளவு?"

"அளக்கல."

"நீயா? அளக்காம?"

"ரெண்டே கால்" என்றாள் பெரியவள். குரல் இறங்கிப்போயிருந்தது. "அதே தட்டு, அதே சாப்பாடு, அதே தண்ணி. உனக்கு ஏறல. எனக்கு மட்டும் ஏறுது. ஏன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்?"

சின்னவளுக்கு வேறொன்று உறைத்தது: தட்டில் சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது. "அதனாலதான் சாப்பாட்டைக் கொறச்சியா? எனக்கும் சேத்து?"

"எனக்கு மட்டும் கொறச்சா ஏன்னு கேட்டிருப்ப."

"நாலு மாசம் என்னப் பட்டினி போட்டிருக்க."

"நான் மட்டும் விருந்தா சாப்பிட்டேன்? பக்கத்துலதானே உக்காந்து நானும் கெடந்தேன்."

சின்னவள் அறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தாள். ஏழு எட்டில் சுவர் வந்துவிடும், திரும்ப வேண்டும். பெரியவள் பட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"வியாழக்கிழமைக்கு ஒரு வழி இருக்கு" என்றாள். "அந்தம்மா ஒவ்வொருத்தரா கூப்பிடுவாங்க. முதல்ல என் அட்டைய மாட்டிட்டு நீ நில்லு. அப்புறம் ஜாக்கெட்ட மாத்திட்டு உன் அட்டையோட நில்லு. யாருக்குத் தெரியும்? நமக்கே சில சமயம் தெரியறதில்ல."

"எத்தன நாளைக்கு இப்படி?"

"இது எறங்கற வரைக்கும்."

"எறங்கலன்னா?"

பெரியவள் தட்டுகளை இழுத்தாள். வெள்ளரித் துண்டுகளை இரண்டு தட்டிலும் எண்ணி வைத்தாள். வைத்துவிட்டு நிமிராமலே கேட்டாள். "ஆமா, எந்தப் பல்லு?"

"என்னது?"

"டாக்டர் பாத்தாரே. எந்தப் பல்லு? ரெண்டு பக்கமும் நல்லாத்தானே மெல்லுற."

சின்னவளின் கால்கள் நின்றன. நாட்கணக்காகத் தொண்டையில் வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். ரயில், நாற்காலி, காலர், வருகிற திங்கட்கிழமை. பன் தின்றதை மட்டும் சொல்லவில்லை. அது என்னவோ எல்லாவற்றையும்விடப் பெரிய துரோகமாகப் பட்டது.

பெரியவள் ஒரு வெள்ளரித் துண்டை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றி வைத்தாள். பிறகு, "எத்தன மணி நேரம்?" என்றாள்.

"நாலு."

"தனியாவா போன?"

"ஆமா."

"பயமா இல்லையா?"

"இல்ல."

"எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே தெரியல பாரு" என்றாள் பெரியவள். "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமே தோணல. நீ நாலு மணி நேரம் தள்ளி இருக்க, நான் பாட்டுக்கு நின்னுட்டு இருந்திருக்கேன்." அதைச் சொன்னபோதுதான் அவள் முகம் கோணியது. விட்டுப் போகிறாள் என்பதைவிட, தனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் அவளைக் குத்தியது போலிருந்தது. "சரி. வியாழக்கிழமை நின்னு குடுத்துட்டு எங்க வேணாலும் போ."

புதன்கிழமை முழுக்கப் பேச்சில்லை. பெரியவள் மூன்று முட்டைகளை வேகவைத்து மூன்றையும் சின்னவளின் தட்டில் வைத்தாள். அறுக்காமல் முழுசு முழுசாக. சின்னவளுக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

வியாழக்கிழமை வந்த பையர் அம்மாவுக்குக் கட்டிங் பிரிவு வைத்திருந்த பெயர் அங்குலம்மா. சாந்தமானவர்தான். ஆனால் டேப் அவர் கழுத்தில் தொங்கினால் மாடியே வாயை மூடிக்கொள்ளும். சாம்பிள் அறையை ஒட்டித் துணிகள் அடுக்கிய சிறு அறை, நடுவில் ஒரு திரை. பெரியவள் அந்த அறைக்குள் போய் நின்றுகொண்டாள். சின்னவள் ஒன்றாம் எண் அட்டையை மாட்டிக்கொண்டு பலகையில் ஏறினாள்.

அங்குலம்மாவே அளந்தார். "இருபத்தொன்பதுக்குக் கால் கம்மி. நல்லது. ரெண்டாவத வரச் சொல்லுங்க."

திரைக்குப் பின்னால் ஜாக்கெட்டை மாற்றும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பெரியவளின் கைதான் பொத்தான்களைப் போட்டுவிட்டது. அட்டையை மாற்றி மாட்டிவிட்டதும் அதே கைதான். சின்னவள் மறுபடி போய் ஏறினாள். தான்தான் என்று காட்டிக்கொள்ள எப்படி நிற்பது என்று ஒரு கணம் அவளுக்கே விளங்கவில்லை.

"இதுவும் இருபத்தொன்பதுக்குக் கால் கம்மி" என்றார் அங்குலம்மா. டேப்பைச் சுருட்டினார். பதினாலாம் தேதித் தாளை எடுத்து மேசையில் விரித்தார். "மாஸ்டர், உங்க வெட்டுல தப்பில்ல. அன்னிக்கு இந்தப் பொண்ணு ஒடம்பு ஊதியிருக்கு. இப்ப வடிஞ்சிருக்கு. ஊதி வடியற ஒடம்ப நம்பி நான் நாலாயிரம் பீஸ் வெட்டச் சொல்ல முடியாது. முதலாவது இருக்கட்டும். ரெண்டாவத எடுத்துடுங்க. காரணத்த நான் எழுதித்தான் ஆகணும், எங்களுக்குத் தைக்கிற எல்லா யூனிட்டுக்கும் அது போகும்."

திங்கட்கிழமை சேர வேண்டிய யூனிட்டும் இதே பையருக்குத்தான் தைக்கிறது. போகிற இடத்துக்கு அவளுக்கு முன்னால் அந்தக் காகிதம் போய் உட்கார்ந்திருக்கும். பதினாலாம் தேதி ரயில் டிக்கெட் அவள் கைப்பையில்தான் இருந்தது. எடுத்து மேசை மேல் வைத்தால் போதும். வைத்தால், அன்று நின்றது யார் என்ற கேள்வி வரும். திரை இரண்டு கை தூரத்தில் இருந்தது. சின்னவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்வதற்காகத் திறந்தாள் என்பது பிற்பாடு எத்தனை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

திரை விலகியது.

பெரியவள் வந்தாள். பட்டை அவள் கையில் தொங்கியது. ஜாக்கெட்டின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டும் போடப்படவில்லை. போட முடியவில்லை.

"அது அவ இல்ல, நான்" என்றாள். "அன்னிக்கு அவ ஊர்லயே இல்ல. என்ன விட்டுட்டு வேற வேலைக்குப் போறதுக்குப் பாக்கப் போயிருந்தா. டிக்கெட் அவ பையில இருக்கு, நேத்து பாத்தேன், காட்டச் சொல்லுங்க. பாத்துக்கங்க, எவ்வளவு நல்லவன்னு."

மாஸ்டர் ஒருத்தியைப் பார்த்தார், இன்னொருத்தியைப் பார்த்தார். "அப்ப சித்த முன்னாடி நின்ன ஒண்ணு?"

"அதுவும் அவதான்."

அங்குலம்மா மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஒரே ஆள ரெண்டு தடவ அளந்து ரெண்டு கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இத எங்க போயி சொல்லுவேன்."

பெரியவள் அதற்குள் பலகையில் ஏறிவிட்டாள். "அளங்க மாஸ்டர்."

"வேணாம்மா, எறங்கு."

"அளங்க. சத்தமா படிங்க. இவ காதுல விழணும்."

மாஸ்டர் அளந்தார். "முப்பத்தொண்ணே கால்."

வாசலில் கட்டிங் பிரிவு ஆட்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். எப்போதும் வாய் ஓயாதவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவள் சின்னவளை நேராகப் பார்த்தபடி, "கேட்டுச்சா? நீ இனிமே நான் இல்ல" என்றாள்.

தொழிற்சாலை அப்படியொன்றும் கவிழ்ந்துவிடவில்லை. துணி மிச்சமாக இருந்ததால் பிழைத்தது. முன்பக்கத் தையலைப் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்தால் போதும், குறைவாக மட்டும் இருந்திருந்தால் தலையில் துண்டுதான் என்று மாஸ்டர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அங்குலம்மா தான் கையெழுத்துப் போட்ட இரண்டு தாள்களையும் கிழித்துப் போட்டுவிட்டார், மற்ற யூனிட்டுகளுக்கு எதுவும் எழுதவில்லை. பெரியவளைச் செக்கிங் மேசைக்கு மாற்றுவதாகப் பேச்சு. சின்னவளை மேனேஜர் கூப்பிட்டு, இனி நீ ஒருத்தியே நில், நாற்காலிகூடப் போட்டுத் தருகிறோம் என்றார். அவள் வேண்டாம் என்றாள். கடிதம் சுத்தமாக வந்தது: பதினைந்து வருடம் பணியாற்றினார், ஒழுக்கமானவர், அளவு மாறாதவர்.

சனிக்கிழமை மதியம் அலமாரியைத் திறந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. உள்ளே இருந்த துணிகளில் எது யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. வாங்கியது சேர்ந்து, உடுத்தியது மாற்றி மாற்றி, துவைத்தது ஒரே வாளியில். சின்னவள் பையைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எடுப்பது என்று நின்றாள். ஆறு மணிக்கு ரயில்.

"இரு" என்றாள் பெரியவள். பலகையிலிருந்து இறங்கிய பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். நீலச் சட்டை, பொத்தான் எட்டவில்லை. "உன்னுது" என்று கட்டில் மேல் எறிந்தாள். சாம்பல் கால்சட்டை, தொடைக்கு மேல் ஏறவில்லை. "உன்னுது." கோடு போட்ட பாவாடை, இதுவும் உன்னுது. எறிவது வேகமெடுத்துக்கொண்டே போயிற்று. கை நுழையாததை நுழைத்துப் பார்த்தாள், கிழியும் சத்தம் கேட்டபின் கழற்றினாள். கட்டிலின் ஒரு பக்கம் குவியல் வளர்ந்தது. மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

"போதும் விடு, ஏய்" என்றாள் சின்னவள். "நாலஞ்சு போதும் எனக்கு. மிச்சத்தப் பிரிச்சு உனக்குத் தச்சுத் தரேன். எங்க எங்க விடணும்னு எனக்குத் தெரியும்."

"எங்க விடணும்னு உனக்குத் தெரியாது. இப்ப இருக்கற என்ன நீ அளந்ததில்ல."

சின்னவள் டேப்பை எடுத்தாள். பெரியவள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள். தோள், மார்பு, இடுப்பு. சின்னவள் எதையும் வாய்விட்டுப் படிக்கவில்லை. சருமம் சூடாக இருந்தது. கன்றிய இடங்கள் ஆறத் தொடங்கியிருந்தன. தன் உடம்பைத் தொடுவது போலத்தான் எப்போதும் இவளைத் தொட்டிருக்கிறாள். இன்று யாரோ ஒரு பெண்ணைத் தொடுவது போல விரல் கூசியது.

"மூச்ச விடு" என்றாள்.

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

அலமாரியின் அடித்தட்டில் கடைசியாக ஒரு மழைக்கோட்டு மிஞ்சியது. தொளதொளவென்று கணுக்கால் வரை வரும் கோட்டு. பெரியவள் போட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது. கழற்றி நீட்டினாள். சின்னவள் போட்டுப் பார்த்தாள், அவளுக்கும் சரியாகத்தான் இருந்தது. இதற்கு டேப் ஒன்றும் சொல்லவில்லை.

சின்னவள் மணியைப் பார்த்தாள். ஐந்தே கால். கால் ஒரு நிலையில் இல்லை. கோட்டைக் கழற்றவும் மனமில்லை, அதோடு வாசலைத் தாண்டவும் மனமில்லை.

"எனக்கு வேணும்" என்றாள்.

"எனக்கும்தான் வேணும்."

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். முப்பத்தாறு வருடத்தில் ஒரு பொருளை இரண்டு பேரும் கேட்டு, பாதியாக அறுக்க முடியாமல் போனது அதுதான் முதல் தடவை. கடைசியில் பெரியவள் போய் அந்தக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானை வேண்டுமென்றே இறுக்கி இழுத்துப் போட்டாள்.

"எடுத்துக்க. ஆனா மழ வந்தா நான் எதப் போட்டுட்டு வெளிய போவேன்னு யோசிச்சுட்டே போ."

சின்னவள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். யோசித்துக்கொண்டேதான் போனாள்.